நிற்பாட்டின குளிசை

என் தகப்பன் பேணாட் முப்பத்தொரு வருடம் திருகோணமலைத் துறைமுகத்தில் கயிறு வேலை செய்தவர். கப்பல் மேடைக்கு வரும்போது மேலிருந்து எறியும் கயிற்றை இழுத்து, அதன் வளையத்தை இரும்புக் குற்றியில் மாட்டுவது. கப்பல் புறப்படும்போது கழற்றிவிடுவது. அவ்வளவுதான் வேலை. அவரும் கிண்ணியா ஸைனுலாப்தீன் மாமாவும் எப்போதும் பின்பக்கக் கயிற்றுக்கு நிற்பார்கள்.

அந்த வேலைக்கு ஒரு சட்டம் இருந்தது. கப்பலில் நின்று வழிகாட்டும் பைலட் விசில் ஊதும்வரை கயிற்றில் கை வைக்கக் கூடாது. நேரத்துக்கு முன்னால் ஒரு கயிறு கழன்றால் கப்பலின் பின்பக்கம் திரும்பி மேடையில் இடிக்கும். ஒருமுறை கோதுமை மா ஏற்றி வந்த கப்பல் ஒன்று புறப்படத் தாமதமாகி, மற்றவர்கள் மழைக்குக் கொட்டகையில் ஒதுங்கியபோதும் பப்பா நாற்பது நிமிடம் குற்றிக்குப் பக்கத்திலேயே நின்றார். அதை ஸைனுலாப்தீன் மாமா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அம்மாவிடம் சொல்வார். "தங்கச்சி, மறுமை நாளில எல்லாரையும் எழுப்ப ஊதினாலும், இது எங்கட பைலட்டின்ர விசில்தானா எண்டு கேட்டுத்தான் இவன் எழும்புவான்."

பப்பா சிரிப்பார். மறுத்துப் பேசமாட்டார்.

ஓய்வு பெற்று ஏழாம் வருடம் மலத்தோடு இரத்தம் போனது. ஒரு மாதம் யாருக்கும் சொல்லவில்லை. அம்மா உடுப்புத் தோய்க்கும்போது கண்டுபிடித்தார். பரிசோதனையில் பெருங்குடலில் கட்டி, புற்றுநோய். இன்னும் பரவவில்லை, வெட்டி எடுத்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னார். மூன்று கிழமைக்குள் திகதியும் கிடைத்தது. வீட்டுக்கு வரும் வழியில் பப்பா ஓட்டோவை நிற்பாட்டி அரைக் கிலோ சூடை மீன் வாங்கினார். வெட்டி எடுக்கக்கூடியது என்று கேட்டதே அவருக்குப் போதுமாக இருந்தது.

அந்தத் திகதி நடக்கவில்லை. சத்திரசிகிச்சைக்கு முந்திய சோதனையில் இருதயம் சரியில்லை என்று தெரிந்தது. வெளி மாவட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்ததில் ஒரு குழாய் ஏறக்குறைய முழுதாக அடைத்திருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியர், இந்த நிலையில் மேசையில் படுக்க வைத்தால் எழும்பமாட்டார் என்றார். முதலில் இருதயம். அடைப்பை விரித்து, குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சின்னக் கம்பிச் சுருளை வைத்தார்கள். அதில் இரத்தம் உறையாமல் இருக்க இரண்டு விதக் குளிசை. இரண்டையும் போட்டுக்கொண்டிருக்கும்வரை வயிற்றை வெட்ட ஏலாது, இரத்தம் நிற்காது. ஆறு மாதம் பொறுப்பது இருதயத்துக்கு நல்லது. கட்டிக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. இரண்டு வைத்தியர்களும் பேசி மூன்று மாதம் என்று முடிவெடுத்தார்கள்.

அந்த மூன்று மாதமும் அம்மா பப்பாவின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே வளர்வது வெளியே தெரியும் என்று நினைத்தாரோ என்னவோ. பப்பா காலையில் உள்துறைமுக வீதியில் மெதுவாக நடந்தார். பகலில் வானொலி கேட்டார். ஒருநாள் பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"கப்பல் வெளியில நங்கூரம் போட்டு நிக்குது, பிள்ளை. இடம் கிடைச்சா உள்ள எடுப்பாங்கள். அதுக்குள்ள நான் என்ன செய்ய?"

நான் தம்பலகாமம் பக்கத்தில் தண்ணீர் ஏற்றும் நிலையமொன்றில் தொழில்நுட்ப அலுவலர். திருத்த வேலைக்காக ஒரு வால்வைப் பூட்டினால் தாள் எழுத வேண்டும்: எது பூட்டப்பட்டது, யார் பூட்டியது, எத்தனை மணிக்கு. கடைசி வரியில், எப்போது யார் திறப்பது, வேலை தள்ளிப்போனால் என்ன செய்வது. கடைசி வரி வெறுமையாக இருந்தால் நான் கையெழுத்து வைப்பதில்லை. அதற்காக ஆட்களைத் திட்டியும் இருக்கிறேன்.

பப்பாவுக்கும் ஒரு தாள் செய்தேன். குளிசைகளின் பெயருக்குப் பதிலாகப் பெட்டியின் நிறத்தை எழுதினேன். நாளுக்கு ஒரு கட்டம். போட்டதும் அதில் சரி போட வேண்டும். குசினிக் கதவில் ஒட்டினேன். ஒரு நாளும் ஒரு கட்டமும் தவறவில்லை.

தை மாதம் பதினான்காம் திகதி சத்திரசிகிச்சை என்று குறித்தார்கள். இரத்தம் உறையாமல் போடும் இரண்டில் மஞ்சள் பெட்டிக் குளிசையை ஐந்து நாள் முன்னதாக நிற்பாட்டச் சொன்னார்கள். மற்றதைத் தொடர வேண்டும். நான் சிவப்புப் பேனையால் எழுதினேன்: "மஞ்சள் பெட்டி 9ஆம் திகதியிலிருந்து நிற்பாட்டு."

அதற்குக் கீழே ஒன்றும் எழுதவில்லை. வெட்டின பிறகு ஆஸ்பத்திரி வாட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

பன்னிரண்டாம் திகதி பப்பாவுக்குக் காய்ச்சலும் சளி இருமலும் வந்தது. மழைக்காலம். அவரே வாட்டுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னார். நெஞ்சில் சளியோடு மயக்க மருந்து கொடுக்க ஏலாது, இருபத்தெட்டாம் திகதிக்கு வாருங்கள் என்றார்களாம். குளிசை எல்லாம் ஒழுங்காகப் போடுகிறீர்களா என்றும் தொலைபேசியில் பேசிய நேர்ஸ் கேட்டிருக்கிறார்.

"ஓம் மிஸ், மகள் எழுதித் தந்தபடி."

பக்கத்தில் நின்ற அம்மா பிறகு இதை எனக்குச் சொன்னார்.

பப்பா அடுத்ததாக எனக்கு எடுத்தார். நான் நின்ற நிலையத்தில் பம்பு ஒன்றின் அடைப்பு உடைந்து தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. ஒரு கையில் திருகுசாவி. திகதி தள்ளிப்போனது என்றார். சரி பப்பா, சுடுதண்ணி குடியுங்கோ, வெளியில போகாதேங்கோ என்றேன். மஞ்சள் பெட்டி எனக்கு நினைவு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க இருமலைப் பற்றித்தான் கேட்டேன். இருமல் சுகமாகிக்கொண்டு வந்தது.

இருபத்திரண்டாம் திகதி காலை பப்பா குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து மீன் வெட்டினார். எழும்பி வந்து கதிரையில் இருந்தார். சட்டை நனைந்திருந்தது. வாய்வு என்று நினைத்து அம்மா இஞ்சித் தண்ணீர் கொடுத்தார். அதை அவர் குடிக்கவில்லை. நெஞ்சுக்குள்ள ஆரோ இறுக்கிக் கட்டுற மாதிரிக் கிடக்கு, மாகிரட் என்று அம்மாவிடம் சொன்னார். ஓட்டோவில் ஏற்றினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் உயிரோடு இல்லை. சத்திரசிகிச்சைக்கென்று கட்டி வைத்த பை, இரண்டு சாரம், சவர்க்காரம், சுடுதண்ணீர்ப் போத்தல், வீட்டில் அலுமாரிக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது.

மஞ்சள் பெட்டிக் குளிசையைக் கடைசியாக எப்போது போட்டார் என்று வைத்தியர் என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். அம்மா கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்துக் கொண்டுவந்திருந்த தாளை விரித்தேன். மற்ற எல்லா வரியிலும் சரி. மஞ்சள் வரியில் ஒன்பதாம் திகதியிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சின்ன நேர்க்கோடு. எண்ணினேன். பதினான்கு. நிற்பாட்டச் சொன்னதை நிற்பாட்டியிருக்கிறேன் என்பதற்கு அடையாளம். அன்று காலைக்கும் ஒன்று போட்டிருந்தார்.

இதை யார் எழுதியது என்று வைத்தியர் கேட்டார். நான் என்றேன். தாளைத் திருப்பித் தந்தார். இதனால் ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்திருக்கலாம், குளிசை போட்டிருந்தாலும் வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல ஏலாது என்றார். நூற்றுக்கு எத்தனை என்று கேட்டேன். அப்படி ஒரு இலக்கம் தன்னிடம் இல்லை என்றார்.

அடக்கம் முடிந்த பிறகு, சேமக்காலை மதிலடியில் நின்ற ஸைனுலாப்தீன் மாமாவிடம் முழுவதையும் சொன்னேன். யாராவது ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மாவுக்குச் சொல்லத் துணிவு வரவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். திரும்ப எடுத்துப் போட்டார்.

"அந்தக் கிழமை என்னோட ரெண்டு தரம் கதைச்சவன். குளிசையைப் பற்றி ஒரு சொல்லும் இல்ல. அவனாக் கேக்கமாட்டான், மகள். சொன்னதைச் செய்வான். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்."

ஆறுதலாக வேறொன்றும் அவர் சொல்லவில்லை. அதற்காக அவரை எனக்குப் பிடித்திருந்தது.

இருபத்தேழாம் திகதி காலை வாட்டுக்கு எடுத்தேன். நாளைய திகதியை வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்றேன். ஏன் என்று கேட்டார் நேர்ஸ். பப்பா இறந்துவிட்டார் என்றேன். கிளினிக் இலக்கம் கேட்டார். கொப்பியைப் பார்த்து வாசித்தேன். மூதூரில் ஒரு அம்மா காத்திருக்கிறார், அவரைக் கூப்பிடலாம் என்றார். வைக்கப் போனவரை மறித்தேன்.

"மிஸ், அவவுக்கு ஏதாவது குளிசை நிற்பாட்டச் சொல்லியிருக்கிறீங்களா?"

"கொப்பியைப் பார்த்துத்தான் சொல்ல வேணும். ஏன்?"

"திகதி மாறினா அதைத் திரும்பத் தொடங்க வேணுமா எண்டு டொக்டரிட்டக் கேட்டு எழுதிக் குடுங்கோ. வாயால சொல்ல வேண்டாம். நான் பப்பாவுக்கு நிற்பாட்டச் சொல்லி மட்டும்தான் எழுதினனான். பதினாலு நாள் போடாமல் இருந்தவர்."

சரி, எழுதிக் குடுக்கிறன் என்றார்.

திரும்பினேன். அம்மா குசினி வாசலில் நின்றார். கையில் அரிசிச் சுளகு. எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

அவர் சுளகை மேசையில் வைத்தார். கதவில் தாள் ஒட்டியிருந்த இடத்தைப் பார்த்தார். பசை நாடாவின் நாலு துண்டும் இன்னும் அங்கே இருந்தன.

"அவர் கோடு போடேக்க நான் ஒவ்வொரு நாளும் பக்கத்தில நிண்டனான்," என்றார் அம்மா. "வடிவா நேராப் போடுறீங்கள் எண்டு சொன்னனான்."