வேணாம்காரரின் வாடகை வீடு

அலுவலகத்தில் அவருக்கு வேணாம்காரர் என்று பெயர். வீடு வாங்க நினைக்கிறவர்களின் பக்கம் நின்று வீடு பார்த்துக் கொடுக்கும் தரகர். விற்கிறவருக்கென்று வேறொரு தரகர் இருப்பார்; அந்த ஆள் வீட்டை வாய் வலிக்கப் புகழ்வார். நம் ஆளோ உள்ளே நுழைந்ததும் விளக்கைப் போடுவதற்கு முன்பே மோப்பம் பிடிப்பார். சுவரைத் தட்டுவார், சிங்க்குக்கு அடியில் தலையை விடுவார், கதவைச் சாத்திச் சாத்தித் திறப்பார். பிறகு வாசலுக்கு வந்து, "வேணாம்மா" என்பார். வியாபாரம் முடிந்தால்தான் அவருக்குக் கூலி. அப்படியிருந்தும் வேண்டாம் என்று சொல்கிற புரோக்கரை யார் கண்டார்கள்? அதனால்தான் ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். அதனால்தான் அவரும் இத்தனை வயதுக்கு வாடகை வீட்டிலேயே கிடந்தார்.

அந்த வாடகை வீடுதான் இப்போது விலைக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் முதலில் இவரிடம்தான் கேட்டார். அவ்வளவு பணத்துக்கு இவர் எங்கே போவார்? வாங்குகிறவன் நம்மையே குடிவைத்துக்கொள்வான் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோது, ரொம்ப நாளாக அவரை வைத்து வீடு தேடும் ஒரு நர்ஸிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, விளம்பரத்துல ஒரு வீடு பாத்தேன். எங்க ஆஸ்பத்திரிக்குப் பக்கம், தரைத்தளம். அம்மாவால மாடி ஏற முடியலைன்னு சொன்னேன்ல? நீங்க வந்து பாத்துட்டா போதும்."

விலாசத்தைக் கேட்டால், அது அவர் குடியிருக்கும் அதே வீடு. அந்தப் பெண்ணுக்கு அவர் காட்டாத வீடு இல்லை, வேண்டாம் என்று சொல்லாத வீடும் இல்லை. அவள் வாங்கினால் அம்மாவோடு தானே குடிவருவாள். இவர் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வேறு யாராவது கூட்டிப்போகட்டும் என்று அலுவலகத்து முதலாளியம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு உங்களைத் தவிர யாரையும் நம்பாது. நீங்க குடியிருக்கிற வீடுன்னு தெரிஞ்சா பயந்து ஓடிடும். வாயைத் திறக்காம காட்டிட்டு வாங்க. ஏற்கெனவே இந்த வருஷம் நீங்க முடிச்சது ஒண்ணுமில்ல" என்றாள் முதலாளியம்மா. இதையும் முடிக்கவில்லையென்றால் மேசையைக் காலி செய்ய வேண்டும் என்பதை அவள் தனியாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"வந்து பாத்துட்டு என்ன சொல்லப் போறீங்க?"

"இருக்கறதைச் சொல்லுவேன்."

"ஊருக்கெல்லாம் வேணாம் வேணாம்னு சொல்ற வாய்தானே? நமக்காக ஒருதடவை சொன்னா தேஞ்சா போயிடும்?"

அவள் கேட்டதில் தப்பே இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. கூடத்திலிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றி பீரோவுக்குள் வைத்தார்.

மறுநாள் காலை தன் வீட்டிலிருந்து கிளம்பி, தெருமுனையில் நர்ஸுக்காகக் காத்து நின்று, அவளைக் கூட்டிக்கொண்டு வந்து, தன் வீட்டு மணியைத் தானே அடித்தார். மனைவி கதவைத் திறந்து, "யாரு? வீடு பாக்க வந்தவங்களா? வாங்க" என்றாள். அந்த நடிப்புக்கே ஒரு பரிசு கொடுக்கலாம்.

நர்ஸ் அவரிடம் பாடம் படித்தவள். சுவரைத் தட்டினாள், கதவைச் சாத்திப் பார்த்தாள். கூடத்துச் சுவரில் பெயிண்ட் மங்காமல் பளிச்சென்று ஒரு சதுரம் தெரிந்த இடத்தில் நின்றுவிட்டாள்.

"இப்படி இருந்தா எதையோ மறைக்கிறாங்கன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

"படம் ஏதாவது மாட்டியிருப்பாங்கம்மா." அவர் சமையலறைப் பக்கம் நடந்தார்.

சமையலறையில் சிங்க்குக்கு அடியில் ஒரு வாளி இருந்தது. மேலே குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, சுவர் நனைந்திருந்தது. அவர் கிளம்பும்போது அங்கே வாளியும் இல்லை, சொட்டும் இல்லை. மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

அந்தக் குழாயை மாற்றியதே அவர்தான். வீட்டுக்காரர் இந்த வீட்டில் ஒரு ஆணி அடித்ததில்லை. கண்ணுக்குக் குறை பட்டால் இவருக்குச் சோறு இறங்காது. ஓதமேறிய சுவர், கதவு, கூரைவிரிசல் என்று ஒவ்வொன்றாகத் தன் கைக்காசைப் போட்டுச் சரிசெய்து, வேண்டாம் என்று சொல்ல இடமில்லாத ஒரே வீடாக இதை ஆக்கி வைத்திருந்தார். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

"ஒழுகுதுண்ணா" என்றாள் நர்ஸ். முகம் விழுந்துவிட்டது. "இதுவும் வேணாம்தானே?"

வாயைக்கூடத் திறக்க வேண்டாம். தலையை ஆட்டினால் போதும். மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரிந்தது. ஆட்டிவிடு, ஆட்டிவிடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் உடம்பு சிங்க்குக்கு அடியில் உட்கார்ந்துவிட்டது, பாழாய்ப்போன கை அதன்பாட்டுக்குக் குழாய்க்குப் போய் நட்டை இறுக்கிவிட்டது. சொட்டு நின்றது.

"நட்டு லூஸா இருந்துச்சு, அவ்வளவுதான். குழாய் புதுசு. சுவர் சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும்."

"அப்போ?"

"வாங்கலாம்மா."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்ட நர்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மாகிட்ட இப்பவே சொல்லணும்" என்றாள். பிறகு தயங்கி, மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எப்போ காலி பண்ணுவீங்க?"

மனைவி வாளியைத் தூக்கித் தண்ணீரைச் சிங்க்கில் கொட்டினாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள்.

"கேக்கறாங்கல்ல, சொல்லுங்க" என்றாள். "நாம எப்போ காலி பண்றோம்?"

நர்ஸ் அவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், கூடத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இன்னும் சிங்க்குக்கு அடியில், நட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.