ஓக் கன்று குறைந்த வரிசை

அந்த வில்லையைக் குப்பையில் போடச் சொன்னார் என் ஆராய்ச்சி வழிகாட்டி. ஒன்றரை வருஷ உழைப்பு. ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் என்கிற பீங்கான். நானே பொடி நிறுத்து, கலந்து, அழுத்தி, சூளையில் சுட்டேன். வெங்காயத் தோலைவிட மெலிதாகத் தேய்த்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுத்தேன். அதில் அணுக்கள் தெரியும். பளிச்சென்ற புள்ளி வரிசை ஸ்ட்ரான்சியம், மங்கல் வரிசை டைட்டானியம். மாறி மாறி ஒழுங்காகப் போய், நடுவே ஒரே ஒரு கோட்டில் பிசகி, இரண்டு பளிச் வரிசைகள் ஒட்டி நின்றன.

"ஸ்ட்ரான்சியத்தை அதிகமா நிறுத்திருக்கீங்க. இல்லைன்னா திங்கட்கிழமை காரணம் சொல்லுங்க. சொல்ல முடியலைன்னா முதல்லேருந்து ஆரம்பிங்க."

"ஒரு துளி அதிகம் போடலை சார்!" என்று கத்திவிட்டு பஸ் ஏறி மலைமேல் இருக்கும் என் ஊர் வாழவந்திக்கு வந்துவிட்டேன். கத்தியதற்கு வருத்தமே இல்லை. நான் போடவில்லை, அவ்வளவுதான்.

சனிக்கிழமை அக்காவோடு எஸ்டேட்டுக்கு நடந்தேன். அவள் அங்கே கூலி. புதிதாக நட்ட துண்டில் ஒரு வரிசை காப்பி, ஒரு வரிசை நிழலுக்கு வைக்கும் சில்வர் ஓக் மரக்கன்று. அது முதலாளியின் கிறுக்கு. அக்காவோடு வேலை செய்யும் பெண் என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"உங்கக்கா நட்ட கோணலப் பாத்தியா கண்ணு? ரைட்டரு இன்னும் பல்லக் கடிக்கறாரு." ரைட்டர் என்றால் எஸ்டேட் கணக்குப்பிள்ளை.

பார்த்தேன். ஓரிடத்தில் ஓக் வரிசையே இல்லை. இரண்டு காப்பி வரிசைகள் ஒட்டி நின்றன. ஒன்றின் செடிக்கு நேராக மற்றதன் இடைவெளி. அங்கிருந்து அந்தப் பக்கம் மொத்தத் தோட்டமும் பாதி இடைவெளி தள்ளிப் போயிருந்தது.

என் படம்! பச்சையாக, இடுப்பு உயரத்தில், மண்ணில் வேரோடு நின்றது.

"ஏங்க்கா இப்படி நட்ட? காப்பி நாத்து மிச்சமா?"

"மிச்சமெல்லாம் இல்ல சாமி. ஓக்குக் கன்னு கம்மி. மூட்டை கனமாத்தான் இருந்துச்சு, பிரிச்சுப் பாத்தா பாதி ஈர மண்ணு. ஒரு வரிசைக்கே கன்னு இல்ல. சும்மா உட முடியுமா? காப்பிய ஒட்டி வெச்சேன். நேருக்கு நேர் வெச்சா கெளை மோதும், அதான் தள்ளி வெச்சேன்."

கன்று கம்மி. கனம் ஈரத்தால். ஸ்ட்ரான்சியம் அதிகமில்லை, டைட்டானியம் குறைவு! அந்தப் பொடியை நான் காயவைக்காமல் நிறுத்தேன். மழைக்காலம் வேறு. தராசில் ஏறியதில் ஒரு பங்கு தண்ணீர்.

வரிசைகளுக்கு நடுவே ஓடினேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடி, திரும்பி ஓடி வந்தேன். சேற்றில் ஒரு செருப்பு போயிற்று. அக்காவைத் தூக்கிச் சுற்றினேன்.

"உடு புள்ள! என்ன ஆச்சு உனக்கு?"

"பொடியக் காய வெக்காம நிறுத்துட்டேன்க்கா!"

"ஈரக் காப்பிய நிறுத்தா ரைட்டரு அடிக்க வருவாருன்னு நம்ம ஊட்டுல பொறந்த நாய்க்கும் தெரியும். நொம்பப் படிச்சவளாமா இவ!"

வாய்விட்டுச் சிரித்தேன். திட்டு என்றால் இதுதான் திட்டு.

திங்கட்கிழமை வழிகாட்டியின் மேஜையில் படத்தை வைத்தேன். "தப்பு என்னுதுதான் சார். டைட்டானியப் பொடி ஈரம். ஆனா கோடு நிஜம். எண்ணுங்க."

பென்சில் முனையால் எண்ணினார். இரண்டு பளிச் வரிசைகள் ஒட்டி, பாதி இடைவெளி தள்ளி. மறுபடி எண்ணினார்.

"வில்லை எங்கே?"

"பையிலதான் சார்."

"பத்திரமா வைங்க. பொடியைக் காயவெச்சு ஒண்ணு சுடுங்க, வேணும்னே டைட்டானியம் குறைச்சு ஒண்ணு சுடுங்க. பக்கத்துல வெச்சுப் பாப்போம்."

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, உன்ற கோணல் வரிசைதான் என்னக் காப்பாத்துச்சு. அதப் பத்தி எழுதப் போறேன்!"

"எழுது. ரைட்டரு கண்ணுல மட்டும் காட்டிப்போடாத சாமி. இப்பத்தான் திட்டறத நிறுத்தியிருக்காரு."