வண்டிக்குக் காய்ச்சல் பார்த்த கதை

டார்ச் பிடிப்பது சுலபமான வேலை என்று நினைக்கிறவர்கள், கணவர் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது ஒரு தடவைகூட டார்ச் பிடித்திருக்க மாட்டார்கள். நாம் வெளிச்சம் காட்டுகிற இடத்தில் அவர்களுக்கு வேலை இருக்காது. வேலை இருக்கிற இடம் எதுவென்று நமக்குத் தெரியாது. "இங்க காட்டு" என்பார்கள். எந்த இங்கே என்று கேட்டால் அதற்குத் தனியாக ஒரு பெருமூச்சு வரும்.

புதுச்சேரி சாரத்தில் எங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது, என் வீட்டுக்காரர் செல்வா ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஜீப் ஜாதி வண்டி. சொந்த இன்ஜின் செத்துப்போய், உழவர்கரையில் கோபியின் ஷெட்டில் வேறொரு கம்பெனி டீசல் இன்ஜினை உள்ளே வைத்து, ஆர்.சி. புத்தகத்திலும் முறையாக ஏற்றியாகிவிட்டது. அன்றையிலிருந்து அதற்கு ஒரே வியாதி. ஓட ஓட, சூடு காட்டுகிற முள் சிவப்புக்குப் போய்விடும்.

இதில் பாப்பாவின் காதுகுத்து மாட்டிக்கொண்டது. எங்கள் பக்கம் ஒற்றைப்படை வயதில்தான் காது குத்துவோம்; மயிலம் மலைக்கோயிலில், தாய்மாமன் மடியில். சொந்த வண்டியில் கூட்டி வருகிறேன் என்று செல்வா வேண்டிக்கொண்டிருந்தார். முதல் வயதில் வண்டி இன்ஜினே இல்லாமல் ஷெட்டில் கிடந்தது. இப்போது மூன்று. இதையும் விட்டால் ஐந்துதான். மாசிக்குள் சரியாகாவிட்டால் விழுப்புரத்தில் கேட்கிறவருக்கு வண்டியைக் கொடுத்துவிட வேண்டும், சிவப்பு முள்ளோடு பாப்பாவை மலைக்குக் கூட்டிப்போக விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சரி என்றார். முகம் மட்டும் சரி என்று சொல்லவில்லை.

இதே உத்தியோகத்தில் இருக்கிற சக டார்ச்காரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இருபது அடி தூரம்

ஞாயிற்றுக்கிழமைகளில் தவளக்குப்பத்தில் இருக்கும் எங்கள் அம்மா வீட்டுக்குப் போவோம். அரியாங்குப்பம் தாண்டினால் போதும், முள் சிவப்பைத் தொடும். அவர் உடனே ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துவார். நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்கி, இருபது அடி எண்ணி நடந்துபோய் நிற்பேன். தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று கான்வென்ட்டில் பயிற்சி கொடுத்தபோது சிஸ்டர் சொன்னதில் எனக்கு ஞாபகம் இருப்பது இவ்வளவுதான்: ஓடாதே, நட, திரும்பிப் பார்க்காதே.

திரும்பிப் பார்க்காமல் நிற்பதில் ஒரு சிக்கல். ரோட்டைப் பார்த்து நிற்க வேண்டியிருக்கும். இடுப்பில் குழந்தையோடு ரோட்டைப் பார்த்து நிற்கிற பெண்ணைக் கண்டால் பஸ்காரர்கள் சும்மா போக மாட்டார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஒரு கடலூர் பஸ் எனக்காகவே பிரேக் போட்டது. நான் பஸ்ஸுக்கு நிற்கவில்லை, வண்டி வெடிக்குமா என்று நிற்கிறேன் என்று எப்படிச் சொல்வது? படியில் தொங்கியபடியே கண்டக்டர் சொன்னார்:

"போன வாரமும் இதே எடத்துலதான் நின்னீங்க. இங்கல்லாம் ஸ்டாப்பிங்கே கெடையாதும்மா. பாவமா இருக்குது, ஏறுங்க."

மதாம் வீட்டுப் போர்வை

பக்கத்து வீட்டு அம்மாவின் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். தெருவே அந்த அம்மாவை மதாம் என்றுதான் கூப்பிடும். சனிக்கிழமை தவறாமல் அவர் வீட்டு மாடிக் கொடியில் வெள்ளைப் போர்வைகள் காயும்.

வண்டிக்கு இழுவை போதவில்லை, அதனால்தான் திணறிச் சூடாகிறது என்று ஒரு சனிக்கிழமை செல்வா கண்டுபிடித்திருந்தார். டீசல் பம்பில் ஒரு திருகு இருக்கிறது. அதைக் கொஞ்சம் உள்ளே விட்டால் இன்ஜினுக்கு டீசல் அதிகமாகப் போகும். அவர் கால் சுற்று திருக வேண்டும், நான் உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதிக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. அவர் அரைச் சுற்று திருகிவிட்டார். இன்ஜின் உறுமிய உறுமலில் பயந்துபோய், பிரேக் என்று நினைத்து, நான் முழுசாக மிதித்துவிட்டேன். பின்னாலிருந்து கிளம்பிய கரும்புகை அவசரமே இல்லாமல் எழுந்து, காம்பவுண்டு சுவரைத் தாண்டி, மாடிக்குப் போனது.

மதாம் சண்டைக்கு வரவில்லை. போர்வையை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"செல்வா, உன் இன்ஜின நீ மாத்திக்க. நான் ஒண்ணும் கேக்கல. என் போர்வை கலர ஏம்பா மாத்தற?"

மூன்று பத்தி நோட்டு

ஒரு விடுமுறை நாளில் அவர் ஒரே மூச்சில் மூன்று வேலை செய்தார். ஃபேனை மாற்றினார். திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் சூடேறுகிறவரை ரேடியேட்டருக்குப் போகிற வழியை மூடி வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றியே போட்டுவிட்டார். வண்டி இரண்டு நாள் சமர்த்தாக ஓடியது. எதனால் சரியானது என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். மூன்றாம் நாள் முள் மறுபடி சிவப்பு. எதனால் கெட்டது? அதுவும் தெரியவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. பள்ளியில் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு எழுதிய கை. நீள நோட்டு ஒன்று வாங்கி, பென்சிலால் மார்ஜின் போட்டு, மூன்று பத்தி பிரித்தேன்: செய்தது, பார்த்தது, தெரிந்தது. இனி ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். அதை எழுதி, ஓட்டிப் பார்த்து, பார்த்ததையும் எழுதிய பிறகுதான் அடுத்தது. முதல் இரண்டு பத்திகள் மளமளவென்று நிறைந்தன. மூன்றாவது, பரீட்சை ஹாலில் எழுந்து போனவளின் பேப்பர் மாதிரி வெள்ளையாகவே இருந்தது. ஒரு நாள் சாயந்திரம் சிநேகிதர் ஒருவரிடம் அவர் போனில் முறையிட்டது என் காதில் விழுந்தது.

"எங்கடா வர்றது? வீட்டுல சிஸ்டர் ஒருத்தங்க இருக்காங்க. அவங்க எழுதி முடிச்சாதான் நான் ஸ்பானரத் தொடணும்."

படகு இன்ஜின் பார்க்கிறவர்

தை பிறந்தபோது எங்கள் வாசல் ஒரு பழைய சாமான் கடை. கழற்றிப் போட்ட ரேடியேட்டர், இரண்டு ஃபேன், ஒரு வாட்டர் பம்ப், அறுந்த பெல்ட்டுகள். இருந்ததைவிடப் பெரிய ரேடியேட்டர் வண்டியில் ஏறிவிட்டது. காலையில் ஸ்டார்ட் ஆகப் புதிதாக அடம் வேறு பிடித்தது. டீசலும் முன்னைவிட அதிகமாகக் குடித்தது. என் அண்ணன் பாப்பாவுக்குத் தோடு எடுத்து வைத்துவிட்டு, பஸ்ஸா வண்டியா என்று வாரம் ஒரு தடவை கேட்டுக்கொண்டிருந்தான். அவர் விழுப்புரத்துக்காரரின் நம்பரைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தார். தானே ஒட்டியிருந்தார். அதைப் பார்க்கத்தான் எனக்கு என்னவோ போலிருந்தது.

அந்த வாரம் அவருடைய சிநேகிதர் ஆறுமுகம் வந்தார். வீராம்பட்டினத்தில் மீன்பிடி படகுகளின் இன்ஜின் பார்க்கிறவர். குவியலைச் சுற்றி வந்தார். இவ்வளவும் எதற்குக் கழற்றினீர்கள் என்று கேட்டார். முள் சிவப்பு என்றோம். கொதித்ததா? இல்லை. தண்ணீர் குறைந்ததா? இல்லை. ஆவி வந்ததா? சிவப்பைப் பார்த்ததும் ஒருவர் இன்ஜினை அணைத்துவிடுவார், ஒருவர் இருபது அடி நடந்துவிடுவார். ஆவி வருகிறதா என்று பார்க்க அங்கே யார் இருந்தார்கள்? அவர் சிரிக்கவில்லை, அதுவே பெரிய மரியாதை.

"நாங்க கடல்ல முள்ள நம்புறதில்ல தங்கச்சி. இன்ஜின் தண்ணி வெளிய ஊத்துற எடத்துல கைய வச்சிப் பாப்போம். கை சுட்டாதான் சூடு."

நெற்றியில் வைக்கிறது

கையை வைப்பதா, நானா? ஆனால் என்னிடம் வேறொன்று இருந்தது. பாப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் கதகதவென்றாலே நெற்றிக்கு நேரே நீட்டிப் பார்க்கிற துப்பாக்கி மாதிரியான தர்மாமீட்டர். ஒரு நாளைக்கு நான்கு தடவை பார்க்கிறவள் நான். கூட வந்த பேப்பரை மனப்பாடமாகப் படித்திருந்தேன். அதில் ஒரு பட்டனை மாற்றினால் பால், குளிக்கிற தண்ணீர் எல்லாவற்றின் சூட்டையும் நூறு டிகிரி செல்சியஸ் வரைக்கும் காட்டும்.

மறுநாள் உச்சி வெயிலில் வண்டியை நிறுத்தின இடத்திலேயே ஓட விட்டோம். அரை மணியில் முள் சிவப்புக்கு வந்தது. அவர் கை பழக்கமாகச் சாவிக்குப் போனது. வேண்டாம் என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை. பாப்பா மதாம் வீட்டில் இருந்தாள், அந்தத் தைரியம். கையை முழு நீளத்துக்கு நீட்டி, ரேடியேட்டருக்குப் போகிற ரப்பர் குழாய்க்கு நேரே பிடித்து அழுத்தினேன். எழுபத்தொன்று. மறுபடி அழுத்தினேன். எழுபத்திரண்டு. இன்ஜின் ஓட வேண்டிய சூட்டைவிடக் குறைவு. காய்ச்சலே இல்லாத பிள்ளைக்கு நெற்றியில் ஈரத்துணி போட்டுப் போட்டு, ஜலதோஷம் வரவைத்திருக்கிறோம்.

போன் போட்டதும் ஷெட்டிலிருந்து கோபி ஓடி வந்தார். பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார். டாஷ்போர்டில் இருக்கிற முள் பழைய இன்ஜினுடையது. சூட்டை அதற்குச் சொல்கிற சென்சார் புது இன்ஜினோடு வந்தது. இரண்டுக்கும் கணக்கு வேறு. அது எழுபது என்று சொன்னால், இது நூற்றுப்பத்து என்று எடுத்துக்கொள்ளும். பழைய இன்ஜினின் சென்சாரை, லேத்தில் அதற்கேற்ற மரை வெட்டிப் புது இன்ஜினில் பொருத்தினார். தெர்மோஸ்டாட் வால்வு அதன் இடத்துக்குத் திரும்பியது. முள் ஏறி, நடுவில் வந்து நின்றது. ஒரு மணி நேரம் அங்கேயே நின்றது. நான் தர்மாமீட்டரால் சரிபார்த்துவிட்டு நோட்டைத் திறந்தேன். மூன்றாவது பத்தியில் முதல் தடவையாகப் பேனாவை வைத்ததும் கோபி பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்:

"அண்ணி, சென்சாருன்னு மட்டும் எழுதுங்க. யாரு மறந்தாங்கன்னு எழுதிடாதீங்க."

மயிலம்

மாசியில் போனோம். முன்னால் அவரும் என் அண்ணனும். பின்னால் பாப்பாவோடு நான், மாமியார், அம்மா. எல்லாரும் வயல், கரும்பு, கடை என்று பார்த்துக்கொண்டு வந்தார்கள். நான் இரண்டு சீட்டுக்கு நடுவில் தலையை நீட்டி முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நடுவில் இருந்தது. மலையடிவாரத்திலும் நடுவில்தான். மேட்டில் இன்ஜின் சத்தம் மாறியபோது பாப்பாவை இறுக்கிக்கொண்டேன், அவள் நெளிந்தாள். வண்டி அதுபாட்டுக்கு ஏறிப்போய்க் கோயில் வாசலில் நின்றது.

அண்ணன் மடியில் பாப்பா ஊரைக் கூட்டி அழுதாள். ஐந்து நிமிஷத்தில் தோட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். வண்டிக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது, இத்தனை நாள் நான் இறங்கி நடந்ததற்கு ஒரு தடவைகூட ஏன் கோபித்துக்கொள்ளவில்லை என்று கேட்டேன். எப்போதும்போல நக்கலாக ஏதாவது சொல்வார் என்றுதான் நினைத்தேன். கையில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கும் பயமாத்தான் இருக்கும். ரெண்டு பேரும் எறங்கிப் போய்ட்டா வண்டிய யாரு பாத்துக்கறது?"

டாஷ்போர்டில் இருந்த ஒரு முள்ளுக்கு நாங்கள் காட்டிய பயபக்தியில் பாதியைக் குழாயைத் தொட்டுப் பார்ப்பதில் காட்டியிருந்தால், காதுகுத்து எப்போதோ முடிந்து, பாப்பாவின் தோட்டுக்கு இந்நேரம் ஒரு பாலிஷ் போடவேண்டிய காலமே வந்திருக்கும்.