படம் பார்க்காத நாற்பத்தேழு பேர்

கோர்ட்டு வளாகத்தில் மாடிப்படிக்கு அடியில் மேஜை போட்டிருக்கும் டைப் அக்காவைத் தெரியாதவர் அந்த ஊரில் இருந்தால், அவர் கோர்ட்டுப் படியே மிதிக்காத புண்ணியவான் என்று அர்த்தம். டைப்ரைட்டர் போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. இப்போது இருப்பது ஒரு லேப்டாப்பும், தாளை இழுக்கும்போதெல்லாம் இருமுகிற ஒரு பிரிண்டரும்தான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வக்கீலுக்கும் டைப் அக்கா, வாய்தாவுக்கு வந்தவனுக்கும் டைப் அக்கா.

அவளிடம் ஒரு பழக்கம். மனுவை அடித்து முடித்ததும் கையெழுத்துக்கு நீட்டிவிட மாட்டாள். கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டு, முதல் வரியிலிருந்து உரக்கப் படிப்பாள். எவ்வளவு கூட்டம் நின்றாலும் சரி, எந்த வக்கீல் வந்து கடிகாரத்தைக் காட்டினாலும் சரி, கடைசி வரி வரைக்கும் படிப்பாள். "மேலே கண்டவை யாவும் நான் நேரில் அறிந்த உண்மை" என்ற அந்தக் கடைசி வரியை மட்டும் தாளைப் பார்த்துப் படிக்க மாட்டாள். எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்துச் சொல்வாள். அதன் பிறகுதான் பேனா கைமாறும்.

இந்தப் பழக்கம் சும்மா வந்ததில்லை. இருபத்திரண்டு வயதில் ஒரு வக்கீலிடம் வேலை பார்த்தபோது, அவர் சொல்லச் சொல்ல ஒரு பத்திரம் அடித்தாள். வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் ஒரு பெண் அதில் கைநாட்டு வைத்துவிட்டுக் கும்பிட்டுப் போனாள். மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் தலைவிரி கோலமாக வந்து நின்றாள். அப்பா விட்டுப்போன வீட்டில் தன் பங்கைத் தானே மனமுவந்து விட்டுக்கொடுத்ததாகப் பத்திரத்தில் இருந்ததாம். வக்கீலிடம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. நேரே டைப் அடித்தவளிடம் வந்து, "இதையாம்மா நான் சொன்னேன்?" என்று கேட்டாள். அன்றைக்கு வேலையை விட்ட அக்கா, அதற்குப் பிறகு படித்துக் காட்டாமல் ஒரு தாளையும் கைவிட்டதில்லை.

இப்படிப்பட்டவளைத்தான் ஒரு சினிமாக்காரன் சீண்டிவிட்டான்.

படம் நாட்டு நடப்பைக் கிண்டல் செய்யும் படம். பாதி கட்டிய பாலத்தை ஏழு தடவை திறந்துவைக்கும் ஒரு தலைவரின் கதை. நடை, தோள் குலுக்கல், பேச்சுக்கு நடுவே தண்ணீர் குடிப்பது எல்லாம் ஆளும் கட்சித் தலைவரை அப்படியே உரித்து வைத்ததுபோல் இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுநர். கேலிப் படம் என்றால் உயிர். வந்த முதல் வாரமே அவளை இழுத்துக்கொண்டு போனார். முக்கால் படம் வரைக்கும் அக்காவும் வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம் வந்தது அந்தக் காட்சி. பாலம் எங்கே என்று கேட்டு மனுக் கொடுக்க ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள். கோர்ட்டு வாசலில் உட்கார்ந்து வாயில் எதையோ மென்றுகொண்டிருக்கும் டைப் அடிக்கும் பெண் ஒருத்தி, நிமிர்ந்தே பார்க்காமல், "பேரைச் சொல்லு, கையெழுத்தப் போடு, கதைய அப்புறம் சொல்லு" என்கிறாள். அவள் நீட்டும் தாளில் பாலம் அருமை என்று எழுதியிருக்கிறது. தியேட்டரே கைதட்டியது. அக்கா பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். கட்டின புருஷனும் தட்டிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான தட்டினீங்க?" என்று வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தாள். "முப்பது வருஷமா தொண்ட வறள வறளப் படிச்சுக் காட்டுறேன். அவன் ஒரே நிமிஷத்துல என்னைக் கேவலப்படுத்திட்டான். நீங்க பல்லக் காட்டுறீங்க!"

"அது நீயில்லம்மா, சினிமா."

"கண்ணாடிக்குக் கயிறு கட்டித் தொங்க விட்டிருக்கா. நானும் கட்டியிருக்கேன். நானில்லாம வேற யாரு?"

இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அந்த இயக்குநருக்கு நாலு பக்கம் கடிதம் எழுதி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டு, தபாலில் போட்டாள். போட்ட பிறகுதான் மனசு ஆறியது.

அந்த வாரமே தம்பி வந்தான். கூடப் பிறந்த தம்பி, ஆளும் கட்சியில் அந்தப் பகுதிக்குச் செயலாளர். இதையும் சொல்லிவிட வேண்டும்: மாடிப்படிக்கு அடியில் அந்த இடத்தையும் பிளக் பாயின்ட்டையும் வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் விபத்தில் கால் முறிந்து படுத்தபோது, யார் யார் காலிலோ விழுந்து வாங்கித் தந்தான். அதற்காக அக்கா அவனிடம் எதையும் முகத்துக்கு நேரே மறுத்ததில்லை.

"அக்கா, அந்தப் படத்துக்குத் தடை கேட்டு கேஸ் போடுறோம். நாப்பத்தேழு பேரு வெளிய நிக்கிறாங்க. ஒரே மாதிரி அடிச்சுக் குடு, பேரும் விலாசமும் மட்டும் மாத்து." மாதிரித் தாள் ஒன்றை மேஜை மேல் வைத்தான். குடும்பத்துடன் படத்தைப் பார்த்தேன், தலைவரை இழிவுபடுத்தும் காட்சிகளைக் கண்டு மனம் புண்பட்டேன் என்று இருந்தது.

முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவர் செருப்புக் கடைக்காரர். அக்கா எல்லாரிடமும் கேட்பதுபோல் இவரிடமும் கேட்டாள். "எந்த தியேட்டர்ல பாத்தீங்க? தேதி போடணும்."

"நான் எங்கக்கா பாத்தேன்? கடைய விட்டு நகர முடியுதா?"

"பாக்காம எப்படிங்க மனசு புண்பட்டுச்சு?"

"பாத்தா புண்படும்னு சொன்னாங்க. அதான் பாக்கல."

அடுத்தவரும் பார்க்கவில்லை. அதற்கடுத்த பெண்மணிக்குப் படத்தின் பெயரே தெரியவில்லை. இன்னொருவர், "எங்க வீட்டுக்காரி பாட்டுப் போட்டா கேட்டேன், அது கணக்குல வருமா?" என்று நியாயமாகக் கேட்டார். அக்கா எழுந்துபோய்த் தம்பியைப் பிடித்தாள். அவன் காதில் போனை வைத்துக்கொண்டு யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், ஒருத்தரும் படம் பாக்கல. பாத்தேன்னு எப்படிடா அடிக்கிறது? பாக்கலைன்னுதான் போடுவேன். தெரியுதா?"

"எதையாவது போடுக்கா. சாயங்காலத்துக்குள்ள வேணும். வழக்கம்போல படிச்சுக்கிட்டு உக்காந்துடாத."

அவள் படித்தாள். நாற்பத்தேழு பேருக்கும் ஒவ்வொன்றாகப் படித்தாள். "நான் இந்தத் திரைப்படத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே என் மனம் புண்பட்டிருக்கிறது. ஆகவே இதை வேறு யாரும் பார்க்காதபடி தடை செய்ய வேண்டுகிறேன். மேலே கண்டவை யாவும் நான் நேரில் அறிந்த உண்மை." தொண்டை கட்டிப்போகிற வரைக்கும் படித்தாள். என்ன அநியாயம் பாருங்கள், ஒருவர் காதிலும் அது ஏறவில்லை. சிலர் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள், சிலர் "சரிக்கா, சரிக்கா" என்று பாதியிலேயே பேனாவைப் பிடுங்கினார்கள். தன் பெயரில், தன் கையெழுத்தில், என்ன போகிறது என்று தெரிந்துகொள்ளக்கூட அக்கறை இல்லாத இந்தக் கூட்டம்தான் இன்னொருத்தன் பேசியது தப்பு என்று சொல்லக் கிளம்பியது. இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கட்சி வக்கீலாவது படித்தாரா? மேல் தாளில் முத்திரை குத்திக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

விசாரணை நாளில் நீதிபதிதான் முதன்முதலாக அதைப் படித்தார். ஒரு தாளைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார், பத்துத் தாள் தாண்டியதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க மனுதாரர் யாருமே படம் பாக்கலையா?"

"எல்லாரும் பார்த்திருக்காங்க ஐயா" என்றார் வக்கீல்.

"பாக்கலைன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்காங்களே."

வக்கீல் தன் கையிலிருந்த நகலை அவசரமாகப் புரட்டினார். சுதாரித்துக்கொண்டு, அடித்தவள் படக்காரர்களோடு சேர்ந்து சதி செய்துவிட்டாள் என்று குரலை உயர்த்தினார். நீதிபதி சேவகனை அனுப்ப, அக்கா படியேறி வந்து நின்றாள். பதினெட்டு வருடம் அந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தவள் கூண்டுக்குள் நிற்பது அதுதான் முதல் தடவை.

"அவங்க சொன்னத அடிச்சேன் ஐயா. அடிச்சத ஒவ்வொருத்தருக்கும் படிச்சுக் காட்டினேன். வேணும்னா கேட்டுப் பாருங்க."

நீதிபதி கூட்டத்தைப் பார்த்தார். செருப்புக் கடைக்காரர் தலையைச் சொறிந்தபடி, "படிச்சாங்க ஐயா. நான்தான் கேக்கல" என்றார்.

"நீங்க அந்தப் படத்தப் பாத்தீங்களாம்மா?"

"பாத்தேன் ஐயா." அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. "என் தொழிலயே அசிங்கப்படுத்தியிருக்கான் ஐயா அந்தப் படத்துல. என்ன ஏதுன்னு கேக்காம கையெழுத்து வாங்குறவளாம் நான்! ரெண்டு நாள் நான் சாப்பிடல."

வக்கீலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பாருங்க ஐயா! நேரில் பார்த்து மனம் புண்பட்டவர் இதோ நிற்கிறார்!"

"அப்படின்னா நீங்களும் தடை கேக்குறீங்களாம்மா?"

"தடையா? எதுக்கு ஐயா? அத நிறுத்திட்டா நான் யாரத் திட்டுறது? நாலு பக்கம் எழுதிப் போட்டிருக்கேன். நான் சொன்னது சரியா, அவன் காட்டினது சரியான்னு நாலு பேரு படத்தப் பாத்துட்டுச் சொல்லட்டும். படமே இல்லைன்னா, என்னமோ தப்பா பண்ணியிருக்கா, அதான் மூடி மறைக்கிறான்னு என்னைத்தான பேசுவாங்க?"

மனு தள்ளுபடியானது. படம் ஓடலாம் என்று தீர்ப்பு வந்தது.

ஓடியதா? நல்ல கதை. மறுநாள் காலை ஊரிலிருந்த ஆறு தியேட்டர்களிலும் மின்சாரப் பழுது என்று பலகை தொங்கியது. வெவ்வேறு தெரு, வெவ்வேறு முதலாளி, ஆனால் ஆறிலும் அந்த ஒரு படத்துக்கு மட்டும் பழுது! மற்ற படங்களெல்லாம் அதே மின்சாரத்தில் அமோகமாக ஓடின. வாசலில் கட்டையோடு பத்துப் பேர் நின்றால் தீர்ப்பு என்ன செய்யும்? தாளில் இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்த நாள் அக்கா வேலைக்கு வந்தபோது அவள் மேஜை கேட்டுக்கு வெளியே கவிழ்ந்து கிடந்தது. ஒரு கால் உடைந்திருந்தது. மாடிப்படிக்கு அடியில் பிளக் பாயின்ட்டைப் பலகை வைத்து அடித்திருந்தார்கள். தீ விபத்து ஏற்படக்கூடிய இடமாம். பதினெட்டு வருடம் பிடிக்காத தீ!

அவள் அழவில்லை. உடைந்த காலுக்கு நாலு செங்கல் கொடுத்து மேஜையை நிமிர்த்தி, சுவரோரமாக உட்கார்ந்தாள். லேப்டாப்பில் சார்ஜ் இல்லை, பிரிண்டருக்கு மின்சாரம் இல்லை. வந்தவர்களெல்லாம் கேட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அவளைப் பாராததுபோல் போனார்கள். வீட்டுக்காரர் அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறார். இந்த மேஜை இல்லாவிட்டால் அடுப்பு எரியாது என்பது தம்பிக்கும் தெரியும்.

மத்தியானம் அவனே வந்தான். இரண்டு நாளில் முகம் சுருங்கிப்போயிருந்தது. கட்சியில் அவனை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார்கள்.

"என் மானத்தையே வாங்கிட்டியேக்கா. நான்தான உனக்கு இந்த இடத்த வாங்கிக் குடுத்தேன்?"

"நீதான்டா. இல்லைன்னு சொல்லல."

"ஒரே ஒரு கடுதாசி எழுதிக் குடு. பாத்தேன்னு அடிக்கறதுக்குப் பதிலா, கவனக்குறைவா பாக்கலைன்னு அடிச்சுட்டேன்னு. நாளைக்கே மேஜை உள்ள போயிடும். நான் பேசிட்டேன்."

"கவனக்குறைவா? நாப்பத்தேழு தடவையா?"

"அக்கா, உன் கால்ல விழறேன். ஒரு கையெழுத்துதான."

ஒரு கையெழுத்துதானாம். பாத்திரம் தேய்க்கிற அந்தப் பெண்ணும் ஒரே ஒரு கைநாட்டுதான் வைத்தாள். அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதில் காய்ச்சல் கண்டால் அவள் மடியை விட்டு இறங்காதவன். அவன் கெஞ்சுவது அவளுக்குத் தாங்கவில்லை. பையிலிருந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்து எழுதத் தொடங்கினாள். தம்பி அப்பாடா என்று பெருமூச்சு விட்டுச் சுவரில் சாய்ந்தான்.

மற்றவர்களுக்காக ஆயிரக்கணக்கில் மனு அடித்தவள், தன் பெயரில் எழுதும் முதல் மனு அது. எழுதி முடித்ததும் வழக்கம்போல் கண்ணாடியை ஏற்றிவிட்டு உரக்கப் படித்தாள். வாய்தாவுக்கு வந்தவர்கள் நின்று கவனித்தார்கள்.

"நான் இந்தத் திரைப்படத்தை என் கணவருடன் தியேட்டரில் பார்த்தேன். என் மனம் புண்பட்டது. அது இன்னும் ஆறவில்லை. ஆகவே இந்தப் படத்தை ஆறு தியேட்டர்களிலும் மறுபடி திரையிட வேண்டுகிறேன்."

"அக்கா, மெதுவா. எல்லாரும் கேக்குறாங்க" என்று தம்பி பதறினான்.

"கேக்கட்டும்னுதான்டா படிக்கிறேன்."

கடைசி வரியைத் தாளைப் பார்க்காமல், அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "மேலே கண்டவை யாவும் நான் நேரில் அறிந்த உண்மை." பிறகு கையெழுத்துப் போட்டாள், தேதி போட்டாள், தாளைத் தம்பியின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"படத்த நிறுத்தி, இங்க பலக வச்சு அடிச்சவங்ககிட்டத்தான குடுக்கணும்? நீதான் செயலாளர். வாங்கிக்கிட்டேன்னு கீழ ஒரு கையெழுத்துப் போடு."

தம்பி சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தான். அவசரமாக ஒரு கிறுக்குக் கிறுக்கிவிட்டு இடத்தைக் காலிசெய்தால் போதும் என்று பேனாவுக்குக் கை நீட்டினான். அக்கா பேனாவைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"படிச்சுட்டுப் போடு" என்றாள்.