மித்ராவைப் பொன்மலையில் விட்டு வந்தேன்

மே இரண்டாம் வாரம். வியாழன் முதல் ஞாயிறு வரை. சென்னையிலிருந்து திருச்சிக்கு, நானும் என் மகள் மித்ராவும். அவளுக்கு எட்டு வயது.

பள்ளி விடுமுறை தொடங்கியதிலிருந்து அவள் பேசுவது குறைந்துவிட்டது. கேட்டால் பதில். கேட்காவிட்டால் டேப்லெட். நகத்தைக் கடித்துக் கடித்து விரல்நுனி சிவந்திருந்தது. அவள் அப்பாவும் நானும் பிரிந்து இரண்டு ஆண்டுகள். வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், காதில் ஹெட்போனுடன். குழந்தை மருத்துவர் மருந்து எதுவும் எழுதவில்லை. "வீட்ல அவளோட விளையாட யார் இருக்கா?" என்றார். "நான் இருக்கேன்" என்றேன். அவர் பேனாவை மூடினார்.

அன்று மாலையே நான்கு நாளுக்கும் அட்டவணை போட்டு அச்சடித்தேன்.

எழும்பூரிலிருந்து பகல் ரயில். சுமார் 335 கிலோமீட்டர், ஐந்தேகால் மணி நேரம். குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம்தான். எடுத்துவிடுங்கள், மடியில் வைத்துக்கொண்டு மே மாத வெயிலில் போக முடியாது. திருச்சி சந்திப்பிலிருந்து பொன்மலை நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 180 கேட்டார்கள், 120 கொடுத்தேன்.

தங்கியது செல்வி அக்கா வீட்டில். என் பெரியம்மா மகள். அவர் கணவருக்கு ரயில்வே பணிமனையில் வேலை, குடியிருப்பும் அங்கேயே. அட்டவணையை அக்கா நின்றபடியே படித்தார்.

"தூங்குறதுக்கும் டைம் போட்டிருக்க. கொட்டாவி விட எத்தனை நிமிஷம்டி?"

அந்தக் குடியிருப்பில் பிள்ளைகளுக்குக் கடிகாரம் இல்லை. பணிமனைச் சங்குதான். மதியச் சங்குக்கு எல்லோரும் வீட்டுக்குள். வேலை முடிகிற சங்குக்கு வெளியே. அப்பாக்களின் சைக்கிளும் பைக்கும் வந்து ஓய்ந்த பிறகு தெரு அவர்களுடையது. எந்த அம்மாவும் வாசலில் நின்று கூப்பிடுவதில்லை.

முதல் நாள் மித்ரா கேட்டைப் பிடித்தபடி நின்றாள். அக்காவின் மகள் பவி அவளைவிட ஒரு வயது பெரியவள்.

"ஏய் மெட்ராஸ், கல்லா மண்ணா தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதவங்கதான் மொதல்ல புடிக்கணும். அதான் ரூல்."

"யார் வச்ச ரூல்?"

"இப்பதான் நான் வச்சேன்."

மித்ரா கேட்டைத் திறந்தாள். அட்டவணைப்படி அது ஓவியம் வரையும் நேரம்.

வெள்ளி முழுக்க அவளை நான் அதிகம் பார்க்கவில்லை. இரவு ஒன்பதுக்கெல்லாம் தூங்கிவிட்டாள். மூன்று தோசை சாப்பிட்டிருந்தாள். நான் மகிழ்ந்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை ஸ்ரீரங்கம். இதை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டியவர்கள் ஒன்பதரைக்குக் கிளம்பினோம். டவுன் பஸ், இடையில் ஒருமுறை மாறினோம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கோயிலுக்குள் நுழையும்போது மணி பத்து ஐம்பது. தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது கல் கொதித்தது. வெள்ளைச் சாயம் பூசிய பாதையில் மட்டுமே கால் வைக்க முடியும். அது முடிந்த இடத்திலிருந்து நிழலுக்கு நிழல் ஓடினோம். அவளைத் தூக்கினேன். கனமாகிவிட்டாள். குழந்தையோடு போகிறவர்கள் ஒன்பது மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

அம்மா மண்டபம் படித்துறையில் உட்கார்ந்தோம். காவிரியில் பாதி மணல். மித்ரா பாதங்களைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப அங்க மதியச் சங்கு ஊதியிருக்குமாம்மா?"

"இருக்கும்."

"நாம எப்ப போவோம்?"

"வீட்டுக்கா?"

"இல்ல. பவி வீட்டுக்கு."

வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு என்று பேசிய ஆட்டோவில் ஏறி, பொன்மலைக்குப் போகச் சொன்னேன். ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார். "பாப்பா ஜெயிச்சிருச்சு போலருக்கு." முந்நூறு ரூபாய், முப்பத்தைந்து நிமிடம்.

மாலை அக்கா சொன்னார்: "ரெண்டு வாரம் இங்கயே விட்டுட்டுப் போ."

"அவ என்னை விட்டு இருந்ததில்லக்கா."

"நீ அவளை விட்டு இருந்ததில்லன்னு சொல்லு."

மித்ராவிடமே கேட்டேன். வேண்டாம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். விரும்பினேன் என்பதே சரி. முகம் மலர்ந்தது. உடனே வாடியது.

"நீ தனியா இருப்பியேம்மா."

வாரக்கணக்கில் ஹெட்போனுக்கு அந்தப் பக்கம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று அப்போது புரிந்தது. எனக்குத் துணை இருந்திருக்கிறாள். விடுமுறை முழுக்க. எட்டு வயதில்.

"எனக்கு நிறைய வேலை இருக்கு கண்ணு" என்றேன். அவள் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் இருந்துகொண்டாள்.

ஞாயிறு ஒரு டிக்கெட்டை ரத்து செய்தேன். பக்கத்து இருக்கையில் விருத்தாசலம் வரை ஒருவர் தூங்கிக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு யாரும் இல்லை.

இப்படி விட்டுவர நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். வழக்கமான மருந்துகள், அவளுடைய தலையணை உறை, இரண்டு ஜோடி செருப்பு. பாடப் புத்தகம் வேண்டாம். பார்த்துக்கொள்பவர் நன்கு தெரிந்தவராக இருக்க வேண்டும். எது நடந்தாலும் உங்களிடம் சொல்லலாம் என்று குழந்தைக்கும் தெரிய வேண்டும். போன் செய்யும் நேரத்தை அவளே சொல்லட்டும். அதற்கு மேல் கூப்பிடாதீர்கள். இதுதான் கடினம்.

மித்ரா சொன்ன நேரம் இரவு எட்டு. ஒரு நிமிடம்கூடப் பேசுவதில்லை. நேற்று போனை வைப்பதற்கு முன் கேட்டாள்.

"இன்னிக்கு யார்கூடல்லாம் பேசினம்மா?"

"ஆபீஸ்ல பேசினேன்."

"அது இல்ல."

இன்று மாலை ஆறு மணிக்கு எதிர் ஃபிளாட் கதவைத் தட்டினேன். எட்டு மாதமாக லிஃப்டில் பார்த்துச் சிரிக்கிற பெண். பெயர் தெரியாது. கொஞ்சம் காபித்தூள் கிடைக்குமா என்று கேட்டேன். வீட்டில் அரைக் கிலோ இருக்கிறது.

"உள்ள வாங்க" என்றார்.