'மம' என்று சொன்னவர்

குலசிங்கம் அண்ணன் இறந்த செய்தி எனக்குச் சிங்களத்தில்தான் வந்தது. சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது பல்லேகலையிலிருந்து நண்பர் பந்துல தொலைபேசியில் அழைத்தார். "அப்பே குலே நெத்தி வுனா" என்றார். நம்முடைய குலம் இல்லாமல் போய்விட்டார் என்று பொருள். எப்போது என்று கேட்டேன், எப்படி என்று கேட்டேன். பிறகு கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, பாதியில் விட்டிருந்த கடிதத்தைத் தட்டச்சு செய்து முடித்தேன். மாரடைப்பு. ஐம்பத்திரண்டு வயது. யுத்தத்தால் பாதை மூடிக் கிடப்பதால் யாழ்ப்பாணத்திலிருந்து தாயாரால் வர முடியவில்லை. கண்டியிலேயே எரித்தோம்.

நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். எழுதுகிறேன். நல்லதெல்லாம் அவருடையது. மற்றதையும் எழுத வேண்டியிருக்கிறது. அவருடன் வேலை செய்தவர்களும் பழகியவர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் ஒரே அரசாங்க அலுவலகம். அவர் வரைபடப் பிரிவு, நான் எழுதுவினைஞர். அவர் யாழ்ப்பாணத்தார், கண்டிக்கு வந்து இருபது வருடம். நான் இந்த நகரத்திலேயே பிறந்த இந்திய வம்சாவளி. என் தமிழைக் கேட்டால் சினிமா பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பார். உங்கள் தமிழுக்கு உரைநூல் போட வேண்டும்ணே என்பேன் நான். அலுவலகத்தில் வேறு தமிழர் இல்லாததால் இந்தச் சண்டை எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது.

வத்தேகம வீதியில் இருந்த வாடகை வீட்டுக்கு அவர் ஒரு கணினி வாங்கியிருந்தார். கடைக்காரன் ஏற்றிக் கொடுத்த திருட்டு இயங்குதளத்தோடு வந்த அந்த இயந்திரத்துக்கு மாதம் ஒருமுறை வைரஸ் பிடிக்கும். மாதம் ஒருமுறை அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பஸ் ஏறுவார். சோதனைச் சாவடியில் இறக்கிக் காட்ட வேண்டும், திரும்ப ஏற்ற வேண்டும். நாலாவது மாதம் மனிதருக்கு வெறுத்துவிட்டது. களவில்லாத ஒன்றை, சும்மா கிடைக்கிற ஒன்றை, முக்கியமாகத் தமிழில் ஓடுகிற ஒன்றை வீட்டுக்கென்று தேடப்போவதாகச் சொன்னார். அப்போது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அலுவலகத்திலை நாள் முழுக்கச் சிங்களமும் இங்கிலீசும். வீட்டிலை இருக்கிற மெசினாவது எங்களோடை தமிழிலை கதைக்கட்டும்."

லினக்ஸ் என்ற பெயரை நான் முதலில் கேட்டது அப்போதுதான். அதில் பல வகை உண்டு என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். மூன்று வகைக்கு மூன்று சிடி இறுவட்டுகள் சேர்த்தார். இரண்டு தபாலில் வெளிநாட்டிலிருந்து வந்தன. மூன்றாவதைப் பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையின் கணினிகளைக் கவனிக்கும் பந்துல எழுதிக் கொடுத்தார். எது நல்லது என்று தீர்மானிக்கப் புத்தகங்கள் நூறு அளவுகோல் சொல்லும். குலசிங்கம் அண்ணன் ஒன்றே ஒன்று வைத்திருந்தார், அவர் மனைவி செல்வராணி அக்காவின் பெயர். முதலாவது வகையில் அதை அடித்ததும் 'செ'வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. இரண்டாவதில் கொம்பு தனியாக ஒரு வட்டத்தோடு மிதந்தது. அக்கா எட்டிப் பார்த்து, "ஆரப்பா இது? நான் இல்லை" என்றார். பந்துல கொடுத்த மூன்றாவதில் கொம்பு முன்னால் வந்து சரியாக நின்றது. "இதுதான்" என்று அண்ணன் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். சத்தம் வராது, அச்சுப்பொறி வேலை செய்யாது, அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பிழைத்தால் திருத்தலாம், மெசின்தானே என்பார்.

ஆனால் உள்ளே பாதிதான் தமிழ். மீதியை உலகெங்கும் இருக்கும் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் மொழிபெயர்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் அதில் சேர்ந்தார், என்னையும் இழுத்துப்போட்டார். ஞாயிறு காலைகளில் வத்தேகம பஸ் பிடித்துப் போவேன். ஒரு கொப்பியில் இருவருமாக வரி வரியாக எழுதுவோம், பிறகு அவர் அடித்து அனுப்புவார். என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த ஞாயிற்றுக்கிழமைகள் அவை.

சண்டை ஒரு சொல்லில் வந்தது. கணினியில் ஓடும் ஒரு வேலையைத் தாய் என்றும், அது தொடங்கிவிடும் சிறு வேலைகளைப் பிள்ளைகள் என்றும் ஆங்கிலத்தில் சொல்வார்கள். ஒரு வேலையை இடையில் நிறுத்துவதற்குக் 'கொல்வது' என்று பெயர். அண்ணன் 'முடித்துவிடு' என்று போடுவோம் என்றார். நான் விடவில்லை.

"இங்கிலீஷ்ல என்ன இருக்கோ அதத்தாண்ணே எழுதணும். நமக்குப் பயமா இருக்குன்னு சொல்ல மாத்தலாமா?"

"இங்கிலீசிலை அது வெறும் சொல். தமிழிலை எழுதினால் ஆரும் வாசிப்பினம், ராமையா."

அவர் சொன்னதன் பாரம் எனக்குப் புரியவில்லை. அவரைச் சீண்டுவதற்காகவே கொப்பியை இழுத்து, என் கையால், சிவப்புப் பேனையால், அன்றைய வரியைப் பெரிதாக எழுதினேன்: 'தாய் செத்தால் பிள்ளைகள் எல்லாரையும் கொல்.' கீழே இரண்டு கோடும் போட்டேன். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "சரி, அடுத்த கிழமை பாப்பம்" என்றார்.

அடுத்த ஞாயிறு சுற்றிவளைப்பு. காலை ஒன்பது மணிக்கு ஒழுங்கை முழுவதும் பொலிசும் இராணுவமும். நான் அவர் வீட்டுக்குள் இருந்தேன். அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். எனக்குப் பிறந்த இடம் கண்டி, அவருக்கு யாழ்ப்பாணம். அதிகாரி என் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கணினியைப் பார்த்தார். திரை முழுக்கத் தமிழ். மற்ற வீடுகளில் இருக்கிற மாதிரி இது ஏன் இல்லை என்று கேட்டார். அண்ணன் நல்ல சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். சும்மா கிடைக்கிறதா, வெளிநாட்டுத் தமிழர்கள் அனுப்புகிறார்களா என்று கேட்டுவிட்டு அதிகாரி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் நல்லது எதுவும் இல்லை.

அப்போது கொப்பி அகப்பட்டது. தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் பக்கம் பக்கமாகப் புரட்டி, சிவப்பு வரியில் நின்று, சத்தமாக வாசித்து, சிங்களத்தில் சொன்னார். அறையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"மேக்க லிவ்வே கவுத?" இதை எழுதியது யார்?

நாங்கள் இரண்டு பேர் நின்றோம். திரும்பக் கிடைத்த அட்டையை நான் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டேன். எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் கடை எரிந்தபோது, கொளுத்தியவர்களைப் பெயர் சொல்லி அறிந்திருந்தும், யாரையும் பார்க்கவில்லை என்று பொலிசில் சொன்னவர் என் அப்பா. அந்த வீட்டுப் பிள்ளை நான். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை, நடந்தது இப்படித்தான் என்று சொல்கிறேன்.

"மம" என்றார் குலசிங்கம் அண்ணன். நான் என்று பொருள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கணினியையும் கொப்பியையும் அவரையும் கொண்டுபோனார்கள். பந்துல, பாவம், ஆங்கிலக் கையேட்டின் அந்தப் பக்கத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, அது கணினிப் பாஷை என்று விளக்கப் பொலிசுக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். காய்ச்சல் என்றேன். ஒரு சிங்களவர் தனியாகப் போய் நின்று, உனக்கென்ன இதில் அக்கறை என்று கேட்கப்பட்டுத் திரும்பி வந்தார். எனக்குக் காய்ச்சல் இல்லை.

ஏழு மாதம் கழித்து, குற்றம் எதுவும் இல்லை என்று விட்டார்கள். போய்ப் பார்த்தேன். இடது காது கேட்காமல் போயிருந்தது. மேசையில் கணினி இருந்த இடத்தில் மருந்துப் போத்தல்கள். "அண்ணே, அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன். "தேத்தண்ணி ஆறுது, குடியும்" என்றார். கேட்கும் காதை என் பக்கம் திருப்பாமலே சொன்னார். பஸ்ஸில் மறித்தார்களா, அலுவலகத்தில் கூரை திருத்தினார்களா என்று விசாரித்தார். பிறகும் நாலைந்து தடவை போனேன். ஒவ்வொரு முறையும் அதே மாதிரி. மன்னித்தாரா, வெறுத்தாரா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

போன வாரம் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் காரியம். சாப்பாடு முடிந்து ஆட்கள் போன பிறகு, செல்வராணி அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ராமையா, ஒண்டு கேக்கிறன். எறும்பை மிதிக்காத மனுசன் ஏன் அப்பிடி ஒரு வசனத்தைக் கையாலை எழுதினவர்? எத்தினை தரம் கேட்டும் எனக்குச் சொல்லேல்லை. அதாலை அவரிலை எனக்குக் கோவம் இருந்தது. கடைசி மட்டும் இருந்தது. உமக்குத் தெரியுமோ?"

மனைவியிடம்கூட அவர் சொல்லவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு போயிருக்கிறார்.

"தெரியாதுக்கா" என்றேன்.

இந்த நாட்களில் இதை அச்சில் போடுவது புத்தியா என்று என் மனைவி கேட்கிறாள். புத்தி இல்லைதான். அவருடையது என்று என்னிடம் இருப்பது ஒரு பொருளோ படமோ அல்ல, ஏழு மாதம். நான் இருந்திருக்க வேண்டிய ஏழு மாதத்தை அவர் இருந்தார். திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. அக்கா, அவர் அப்படி ஒரு வசனம் எழுதவில்லை. எழுதினது நான்.