பள்ளிக்கூடத்தின் பின்பக்கம்

என் தங்கை சங்கீதாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. தறியில் ஏறினால்தான் ஓரிடத்தில் இருப்பாள். இந்தப் பங்குனியில் அதுவும் போச்சு. புடவை பாதியில் நிற்க, ஊர் முழுக்கப் பள்ளிக்கூடம் பார்த்துக்கொண்டு அலைந்தாள்.

எல்லாம் அவள் மகள் சந்தியாவுக்காக. ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். இப்போது படிக்கிற பள்ளியில் அதற்கு மேல் கிடையாது. கையில் பென்சில் கிடைத்தால் போதும், கோபுரம், யாளி, எதிர்வீட்டு ஆட்டோ என்று எதையும் அச்சு அசலாக வரைவாள். ஆனால் யாராவது பேர் கேட்டுவிட்டால் அம்மா முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

"பெரிய ஸ்கூல்ல இவள மென்னு துப்பிடுவாங்கக்கா" என்று சங்கீதா தினமும் என்னிடம் புலம்புவாள். அவள் புருஷன் தினகரனோ, "எல்லாப் பசங்களும் போற எடத்துக்குத்தானே போவப்போறா?" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போய்விடுவார். ஆம்பளைகளுக்குத்தான் எவ்வளவு சௌகரியம்!

அலைச்சலுக்குத் துணை நான். ஒருநாள் சந்தியாவையும் கூட்டிக்கொண்டு பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளிக்குப் போனோம். வாசலில் பூந்தொட்டி, உள்ளே மீன் தொட்டி. டிராயிங் வகுப்பு மட்டும் இல்லையாம். ஆனாலும் எனக்குப் பிடித்துவிட்டது.

"நல்லாத்தானே இருக்குது?" என்றேன்.

"கடைல புடவ வாங்க வந்தவ மாதிரி பேசாதக்கா. பின்பக்கம் பாக்காம எப்பிடிச் சொல்றது?"

நெய்கிறவர்களின் புத்தி அது. புடவையைக் கையில் கொடுத்தால் நாங்கள் முந்தானையைப் பார்க்கமாட்டோம். திருப்பிப் போட்டு, இழை அறுந்த இடத்தில் எப்படி முடிச்சுப் போட்டிருக்கிறது என்றுதான் பார்ப்போம். அதற்காகப் பள்ளிக்கூடத்தையுமா? மத்தியான மணி அடித்ததும் எங்களை இழுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கத்துக் கம்பி கேட்டில் நிறுத்திவிட்டாள்.

உள்ளே பிள்ளைகள் கும்பல் கும்பலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு பெண் மட்டும் தண்ணீர்த் தொட்டி ஓரமாக, சுவரைப் பார்த்தபடி, டிபன் பாக்ஸை மடியில் வைத்துத் தனியாகச் சாப்பிட்டாள். அந்தப் பக்கம் யாரும் திரும்பக்கூட இல்லை.

"பாத்தியாக்கா? நாளைக்கு நம்ம சந்தியா." சங்கீதா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அங்கே நிற்கப் பிடிக்காமல் கிளம்பிவிட்டோம். சந்தியா மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அதற்கப்புறம் ஐயம்பேட்டைக்கு ஒரு நடை. அங்கேயும் பின்பக்கம் பிடிக்காமல் ஷேர் ஆட்டோ ஏறித் திரும்பினோம். கடைசியில் ஓரிக்கையில் ஒரு பள்ளி. பின்சுவர் முழுக்கப் பிள்ளைகள் வரைந்த படங்கள்! டிராயிங்குக்கென்று தனி ரூம், தனி மாஸ்டர். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்தும் சங்கீதா நின்றபாடில்லை. கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே, "ஓரிக்கைலயே சேத்துடலாமாடி?" என்று மகளைக் கேட்டாள்.

சந்தியா தலையைக் குனிந்துகொண்டாள். "வேணாம்மா. அந்த மீன் தொட்டி ஸ்கூல்."

"அடிப்பாவி! அங்க டிராயிங்கே கெடையாதுடி!"

"படம் வீட்லயே போட்டுக்கிறேன்." அப்புறம் மெல்ல, "அந்தப் பொண்ணு தனியா சாப்ட்டுக்கினு இருந்துச்சே. அவளும் பேசல, நானும் பேசமாட்டேன். ரெண்டு பேரும் சேந்து சாப்ட்டுக்குவோம்" என்றாள்.

சங்கீதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்குமேல் நாங்கள் என்ன பின்பக்கம் பார்க்க?

ஜூனில் அங்கேயே சேர்த்தோம். ஆனால் சங்கீதாவுக்கு இருப்புக் கொள்ளவேண்டுமே! பள்ளி திறந்த அன்று மத்தியானமே என்னை இழுத்துக்கொண்டு கம்பி கேட்டுக்கு ஓடினாள். தண்ணீர்த் தொட்டி ஓரமாக இரண்டு முதுகுகள் தெரிந்தன.

"ரெண்டும் ஒரு வார்த்த பேசல பாருக்கா" என்றாள்.

"அதான் அப்பவே சொன்னாளே. வா, போவலாம்" என்றேன். அவள் கம்பியை விடவில்லை.